பெரிய வெள்ளியன்று வந்த ஓடிபி

எங்கள் வீட்டில் லெந்து என்கிற தவக்காலம் வந்துவிட்டால் நாற்பது நாளும் கறி, மீன் கிடையாது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த வருஷம் என் கணவர் சட்டத்தை நாய்க்கும் நீட்டிவிட்டார். "அதுவும் இந்த வீட்டுலதான இருக்கு," என்றார். ஞாயிறுதோறும் எலும்பு கடித்துப் பழகிய ஜீவன், சாம்பார் சாதத்தை முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். ஒரு வகுப்புப் பிள்ளைகளையே அதட்டி உட்காரவைக்கிற எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. மாம்பழம் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. ஒரு சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரம், நான் சாப்பிட்ட பழத்தின் கொட்டையை அதற்குப் போட்டேன். எலும்பு மாதிரி கடித்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான். கவ்விக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் ஓடியது. அத்தோடு நானும் மறந்துபோனேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை வாந்தி ஆரம்பித்தது. வியாழக்கிழமை தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை வாசற்படியில் சாய்ந்து கிடந்தது. கூப்பிட்டால் வாலை மட்டும் ஒரு தரம் அசைத்தது. அவருக்கோ அன்று சர்ச்சில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதைப் பற்றிப் பேச அவரைப் போட்டிருந்தார்கள். ஒரு மாதமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். வெள்ளை வேட்டி சட்டையில் நின்று நாயைப் பார்த்தவர், "நீ டாக்டர்ட்ட காட்டு. மூணு மணிக்கு வந்துடுறேன்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மனுஷனா இவர் என்று ஆட்டோவில் வழிநெடுகத் திட்டிக்கொண்டே போனேன்.

மாடம்பாக்கம் போகிற வழியில் அந்த கிளினிக். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "குடல்ல என்னமோ அடைச்சிருக்கு மேடம். இன்னைக்கே ஆபரேஷன் பண்ணி எடுக்கணும். நாளைக்குன்னா குடல் அழுகிடும்," என்றார். மாங்கொட்டை என்று சொல்ல வாய் வரவில்லை.

மகளுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டிய வாரம் அது. கையில் இருந்த பணம் எக்ஸ்ரேயோடு தீர்ந்தது. ஆனால் பர்ஸில் அந்தக் கார்டு இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவைத் தவணையில் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்தது. மே லீவில் அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன்; அதுவரை வயிற்றில் பெல்ட்டோடு சமாளித்துக்கொண்டிருந்தார். அதற்காகவே வாங்கித் தொடாமல் வைத்திருந்தோம். கிளினிக் கண்ணாடிக் கதவில் அதே கார்டின் படம் ஒட்டியிருந்தது. யோசிக்காமல் எடுத்து நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஓடிபி சார் போனுக்குத்தான் போகும் மேடம். கேட்டுச் சொல்லுங்க. அப்ரூவ் ஆனாத்தான் மயக்க மருந்து குடுக்கிற டாக்டரக் கூப்பிட முடியும்."

எத்தனை தடவை அடித்தேனோ, ஸ்விட்ச் ஆஃப். மும்மணி ஆராதனைக்குப் போனை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். சைலண்டில் போடுகிறவர்களைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். மணி பன்னிரண்டரை. "மூணு மணி வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டேன். டாக்டரம்மா நாயின் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். வெளுத்துப்போயிருந்தது.

வந்த ஆட்டோ வாசலிலேயே நின்றது. "இன்னா மா, நாய வுட்டுட்டு எங்க போற?"

"சர்ச்சுக்குண்ணா. சீக்கிரம் போங்க."

"நாய்க்கு ஜெபம் பண்ணவா?"

"என் வீட்டுக்காரரு போன ஆன் பண்ண."

அவர் வண்டியை முறுக்கினார். சேலையூரில் சிக்னலையும் மதிக்கவில்லை.

கோயில் முழுக்க வெள்ளை உடை. நான் மட்டும் பச்சைச் சுடிதாரில், முன்பக்கமெல்லாம் நாயின் வாந்தியோடு. மூன்றாம் வார்த்தை நடந்துகொண்டிருந்தது. நடுவழியாக நேரே முதல் வரிசைக்குப் போனேன். என்னைக் கண்டதும் நான் எதுவும் சொல்வதற்குள் எழுந்துவிட்டார். போர்டிகோவில் நான் விஷயத்தைச் சொன்னதும் போனை ஆன் செய்தார். அது பாட்டுப் பாடிக்கொண்டு உயிர்பெற்ற சத்தம் உள்ளே எல்லாருக்கும் கேட்டிருக்கும். நான் கிளினிக்குக்கு அடித்து ஓடிபியை மறுபடி அனுப்பச் சொன்னேன்.

"உங்க ஆபரேஷனுக்கு வச்சதுதாங்க. முழுசும் போயிடும்," என்றேன்.

"பேசாம இரு. நம்பர் வருது."

கிளினிக்குக்கு அவரே கூப்பிட்டு ஆறு எண்ணையும் இரண்டு தடவை சொன்னார்.

"சரி, உள்ள போங்க. உங்க வார்த்தை வந்துடும்."

"வேற யாராவது பேசுவாங்க. வண்டில ஏறு."

ஸ்கூட்டரில் போகும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து இந்த மனுஷனையா அப்படித் திட்டினேன்? கொட்டையைப் போட்டது நான்தான் என்று அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று தடவை சொல்லப் போய் விழுங்கிவிட்டேன்.

கிளினிக்கில் அவர் உட்காரவே இல்லை. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். நான் பெஞ்சில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தேன். மூன்று மணி தாண்டி டாக்டரம்மா ஒரு எஃகுக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். "பொழைச்சிடும். ரெண்டு மாங்கொட்டை. யாரு போட்டது?"

ரெண்டா? நான் போட்டது ஒன்றுதான். கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். இரண்டுதான் கிடந்தன.

"ஒண்ணு நான் டாக்டர்," என்றேன். அவரைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அவரும் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "இன்னொண்ணு நான்," என்றார். "நீ ஸ்கூலுக்குப் போனப்புறம். லெந்து முழுக்க என் தட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

டாக்டரம்மா இருவரையும் நிற்கவைத்துத் திட்டினார். படிச்சவங்கதானே என்றார். தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டோம். பிறகு உள்ளே விட்டார்கள். ஹாலுக்குள் நாய் கால் வைத்தால் கத்துகிற மனிதர், வயிற்றுப் பெல்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டியோடு அந்தத் தரையில் உட்கார்ந்து அதன் காதைத் தடவினார்.

மே லீவு வந்தது, போனது. பெல்ட் இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது.