பிள்ளைக் காம்பராப் பூனை

வீரம்மா அக்காவைப் பற்றிக் கேட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதிக்கு மேல் பொய். அவளுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவள் நான். லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், இரண்டு காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரைவரைக்கும் போகாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் தூக்கம் கலையும். அதனால் நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம்.

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே, மழையும் மூட்டமும் போட்டி போடுகிற இடத்தில் எங்கள் தோட்டம். வீரம்மா அக்கா நல்ல கொழுந்தெடுப்புக்காரி. சறுக்கல் பாதையில் விழுந்து முழங்கால் கெட்டுப்போன பிறகு அவளைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாகப் போட்டார்கள். நாங்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவோம். புருஷன் செத்து வெகுகாலம், பிள்ளையும் இல்லை. பெறாதவளிடம் பிள்ளையைக் கொடுப்பதா என்று முதலில் சிலர் முனகினார்கள். என் மகள் செல்வி என்னைவிட்டு அவளிடம் ஓடுகிறதைப் பார்த்த பிறகு எனக்கே பொறாமை வந்தது, மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல!

அவளுக்கென்று இருந்தது சாம்பி ஒன்றுதான். சாம்பல் நிறப் பூனை. பிள்ளைக் காம்பராவில் எலி வந்து தொட்டிலில் கிடந்த குழந்தையின் கால் விரலைக் கடித்துவிட்ட பிறகு, கடைக்கார ஸுஹைர் நானாவிடம் கெஞ்சிக் குட்டியாக வாங்கி வந்தாள். அது வளர்ந்ததும் எலிகள் அந்தப் பக்கம் வருவதை விட்டன. பகலெல்லாம் தவழுகிற குழந்தைகளுக்கு நடுவே தரையில் நீட்டிப் படுத்திருக்கும். சாயங்காலம் அக்காவுக்கு முன்னால் நடந்து லயத்துக்கு வரும். யாருக்கு யார் துணை என்று தெரியாது.

ஐம்பத்தைந்தாம் வருஷத்து மழைக்காலத்தில் சாம்பிக்கு வயிற்று மயிர் உதிர ஆரம்பித்தது. பிறகு தாடையில், பிறகு பாதங்களில். உதிர்ந்த இடம் சிவந்து கசிந்தது. ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்தது, வாயும் புண்ணாகிச் சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போனது. அக்கா பேன்சீப்பால் அதன் உடம்பு முழுக்கச் சீவிப் பார்த்தாள். ஒரு தெள்ளுப்பூச்சிகூட இல்லை. ஸுஹைர் நானாவிடம் போய்க் கேட்டாள். சொறியாக இருக்கும், கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் போடு என்றார் அவர். போட்டாள். பூனை எரிச்சலில் கத்தியதுதான் மிச்சம். கருவாடு தின்றால் சூடு ஏறும் என்றார்கள், கருவாட்டை நிறுத்தினாள். கண்ணேறு என்றார்கள், மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியில் நாங்கள் இரண்டு வீட்டுக்காரர்களும் இருமினோம், பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குள் குழந்தைகளுக்கும் வந்துவிட்டது. முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோல் சிவந்து உரிந்தது. சண்முகவடிவின் மகனுக்குத்தான் ரொம்ப மோசம். அவள் வாய் சும்மா இருக்குமா? பெரட்டுக் களத்தில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற இடத்தில், அந்தச் சொறிப் பூனைதான் பிள்ளைகளுக்கு ஒட்டவைத்தது என்று அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளை ராத்திரியெல்லாம் கத்தினால் யாருக்கும் அப்படித்தான் வாயில் வரும். ஆண்டியப்பன் கங்காணி, பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றில் போடச் சொல்லிவிட்டார்.

வீரம்மா அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். அதற்கு என்ன நோய் என்று கண்டுபிடித்துவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டாள். கங்காணி, உன் பூனையைவிட ஊர்ப் பிள்ளைகள் பெரிசு என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாக்கோடு ஆள் வந்தபோது சாம்பியைக் காணோம். காட்டுப் பக்கம் ஓடிவிட்டது என்றாள் அக்கா. அன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் பூனையை வைத்திருந்தாள்.

என் மகளுக்கும் முழங்கால் சிவந்திருந்தது. நோய் பக்கத்துக் காம்பராவிலேயே ஒளிந்திருக்கிறது, நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். சொன்னால் அக்கா செத்தே போவாள். சொல்லாவிட்டால் செல்வி என்ன ஆவாள்? அடுப்படியில் ரொட்டி கருகிப்போகிற வரைக்கும் யோசித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. என் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை, அவருக்குக் கங்காணியைக் கண்டால் நாக்கு அவிழ்ந்துவிடும்.

பூனை போன பிறகும் குழந்தைகளுக்குக் குறையவில்லை. கூடியது. அக்கா பயந்துபோய்ப் பிள்ளைக் காம்பராவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை அங்கே பார்வையிட வந்தால் உள்ளே நுழைய மாட்டார். வாசலில் நின்று மூக்கை உயர்த்துவார். பினாயில் நெடி அடித்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அடிக்காவிட்டால் எல்லாருக்கும் ஏச்சு விழும். அதனால் எல்லாத் தோட்டத்து ஆயாக்களும் துரை வருகிற நாளில் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவார்கள். அந்த மழைக்காலத்தில் துரை அடிக்கடி வந்தார். இப்போது அக்கா தினமும் அப்படி ஊற்றினாள். மழையில் சிமெண்டுத் தரை காயவே காயாது. அந்த ஈரத்தில்தான் குழந்தைகள் தவழ்ந்தன. எப்படிச் சுத்தமாக வைத்திருக்கிறாள் பார் என்று நாங்களும் மெச்சினோம்.

ஒரு சாயங்காலம் அவள் சுவர்ப் பக்கமாக என்னைக் கூப்பிட்டாள். செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். சாம்பி அடுப்போரம் மல்லாந்து கிடந்தது. சாணி மெழுகிய தரையில் சுகமாக வாலை ஆட்டியது. வயிற்றில் பஞ்சு போல மயிர் முளைத்திருந்தது. பாதங்களில் புண் ஆறியிருந்தது. சட்டியில் வைத்த சோறு காலியாக இருந்தது.

மருந்து எதுவும் போட்டாயா என்று கேட்டேன். எதுவுமில்லை என்றாள். செல்வியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். முழங்காலைப் பார்த்தாள், உள்ளங்கையைப் பார்த்தாள், சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். முதுகு பளிங்காக இருந்தது. பூனையைத் திருப்பினாள். அதன் முதுகிலும் ஒரு மயிர்கூட உதிர்ந்ததில்லை.

"வடிவோட சின்னப் புள்ள தொட்டில்லயே கெடக்குதே, அதுக்கு ஏதும் இருக்கா பேச்சி?"

இல்லை என்றேன். தொட்டிலில் கிடக்கிற எந்தக் குழந்தைக்கும் இல்லை. அப்போதுதான் எனக்கே அது உறைத்தது.

அவள் தன் காலை நீட்டிப் பாதத்தைப் பார்த்தாள். அதுவும் வெடித்து உரிந்துதான் கிடந்தது. குளிரில் வெடித்தது என்று இத்தனை நாளும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கையை மூக்கருகே கொண்டுபோனாள். கழுவியும் போகாத பினாயில் நெடி.

"பூனைக்கு நோயே இல்ல பேச்சி. தரையில பட்ட எடம் மட்டுந்தான் வெந்திருக்கு. நாந்தான் ஊத்தி ஊத்திப் புள்ளைங்களப் பொசுக்கியிருக்கேன்."

அழுதாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் இருந்தார். நாளையிலிருந்து வெறும் தண்ணீரில் கழுவு, தானாக ஆறிவிடும், யாருக்கும் தெரியாது, வேலையும் போகாது என்று காதோடு சொன்னேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

மாட்டேன் என்று அவள் தலையை ஆட்டினாள். புள்ளைங்களுக்கு இப்போ ஆறினால் ஊர் என்ன நினைக்கும், பூனை போனதால் ஆறியது என்றுதானே நினைக்கும் என்று கேட்டாள். அப்புறம் சாம்பி எந்த நாளும் வெளியே தலைகாட்ட முடியாது, காண்கிறவன் கல்லால் அடித்தே கொன்றுவிடுவான் என்றாள்.

விடிந்ததும் பெரட்டுக் களத்துக்குக் கூடையோடு வந்தாள். எல்லார் முன்னாலும் கூடையைத் திறந்தாள். சண்முகவடிவு கூச்சல் போட்டுப் பின்னால் நகர்ந்தாள். கங்காணி கம்பை ஓங்கினார். அக்கா பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. யார் முதலில் கல்லெடுப்பார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் ஐயாவைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனுஷன். வாளிக்கு எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டார். பால் டின் நிறைய என்றாள். ஒரு கரண்டி என்றல்லவா சொல்லியிருந்தேன் என்று தலையில் கை வைத்தார்.

"ஒரு கரண்டி ஊத்துனா வாசல் வரைக்கும் வாசம் வராதுங்க ஐயா."

டிஸ்பென்சர் ஐயா குழந்தைகளின் முழங்கால்களைப் பார்த்தார், பூனையின் வயிற்றையும் பார்த்தார். பினாயிலால்தான் வெந்திருக்கிறது, ஒட்டுகிற நோய் இல்லை என்று சொன்னார். கங்காணி கம்பை இறக்கினார். சாம்பி பிழைத்தது.

அக்காவின் ஆயா வேலை போனது. பழி யாராவது ஒருவர் தலையில் விழவேண்டும், துரையின் மூக்கில் விழாது அல்லவா? கெட்ட காலோடு அவளை மறுபடி மலைக்கு அனுப்பினார்கள். பிள்ளைக் காம்பராவுக்கு வேறு ஆயா வந்தாள். எலிக்கு வேண்டும் என்று பூனையை மட்டும் தாய்மார்கள் பகலில் அங்கேயே விடச் சொன்னார்கள். அக்கா மறுக்கவில்லை. காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு மலையேறுவாள்.

குழந்தைகளின் தோல் ஆறி வந்தது. ஒரு நாள் மழை விட்டிருந்த நேரம், பால்கொடுக்கிற தாய்மார்களைப் பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கிப் போகச் சொல்லிக் கங்காணி குரல் கொடுத்தார். நாங்கள் கூடைகளை இறக்கினோம். வீரம்மா அக்கா மட்டும் எங்களைப் பார்க்காமல் கொழுந்து கிள்ளிக்கொண்டு நின்றாள். சண்முகவடிவு நேராக அவளிடம் போனாள். அன்றைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. வடிவு அவள் தலையிலிருந்து கூடைக் கயிற்றைக் கழற்றிக் கூடையைக் கீழே வைத்தாள்.

"வாங்க அக்கா. ஒங்க புள்ளயும் அங்கதான இருக்கு."

கங்காணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்களோடு இறங்கினாள்.