மாதா டைலுக்குக் கீழே ஒரு டப்பா

என் கணவர் என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகப்படுத்தும் விதமே தனி. "ஸ்கூல்ல பூகோளம் எடுக்கறாங்க. ஞாயித்துக்கிழமையானா சந்து சந்தாப் போய்ப் பொந்துல கை விடுவாங்க" என்பார். ஒருமுறை அவருடைய ஆபீஸ்காரர் ஒருவர் மிகவும் மரியாதையாக, "பாம்பு பிடிப்பீங்களா மேடம்?" என்று கேட்டார்.

நான் தேடுவது டப்பா. ஜியோகேஷிங் என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். முன்பின் தெரியாத ஒருவர் சின்ன டப்பா ஒன்றை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். நாம் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போக வேண்டும். டப்பாவுக்குள் ஒரு சுருள் காகிதம் இருக்கும். அதில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். யார் கண்ணிலும் படக் கூடாது. அவ்வளவுதான் ஆட்டம். "கண்டுபிடிச்சா என்ன தருவாங்க?" என்று எல்லாரும் கேட்பார்கள். ஒன்றும் தர மாட்டார்கள் என்றதும் அவர்கள் முகத்தில் வரும் பரிதாபத்தைப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியவள் நான். அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிஜமாகவே ஒரு டப்பா உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை யாருக்கு எப்படிச் சொல்வது?

சொல்லாவிட்டாலும் சங்கடம்தான். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை ஓரமாக இருந்த மின்பெட்டிக்குப் பின்னால் ஒருநாள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வெளியே வந்து, "இன்னாம்மா, மோதிரம் உழுந்துச்சா?" என்றார். வாயில் வேறு எதுவும் வராமல் "கம்மல்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த நிமிடம் ஐந்து பேர் தரையில் குனிந்துவிட்டார்கள். கறிக்கடையிலிருந்து ஒருவர் டார்ச்சோடு வந்தார். வயசான ஒருவர் சாக்கடைக் கல்லையே தூக்கப் பார்த்தார். என் இரண்டு காதிலும் கம்மல் இருந்ததை நல்லவேளையாக ஒருவரும் கவனிக்கவில்லை. முந்தானையால் மூடிக்கொண்டு அரைமணி நேரம் நானும் தேடினேன். அவ்வளவு நல்ல மனிதர்களை அப்படி ஏமாற்றியது இன்னும் உறுத்துகிறது.

பிறகு நானே ஒரு டப்பா ஒளித்துவைக்க ஆசைப்பட்டேன். விவேக் நகரில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு நீளமான காம்பவுண்டு சுவர் இருக்கிறது. யாரும் அசிங்கம் செய்துவிடக் கூடாது என்று அதில் வரிசையாகச் சாமி டைல் பதித்திருந்தார்கள். பிள்ளையார், மாதா, மெக்கா, மறுபடி பிள்ளையார். மாதா டைலுக்குக் கீழே ஒரு செங்கல் பெயர்ந்து, உள்ளங்கை அளவுக்குப் பொந்து விழுந்திருந்தது. பெருங்காய டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, உள்ளே காகிதச் சுருளைப் போட்டு அங்கே வைத்தேன். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு டப்பாவை எடுப்பேன், காகிதம் நனையாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன், தேதி எழுதுவேன், மடித்து உள்ளே வைப்பேன். எதிரில் மாதா படம் இருப்பதால் கை தானாகச் சிலுவை போட்டுக்கொள்ளும். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

நாலாவது மாதம் திறந்தபோது மூடி இறுகிக்கொண்டது. உள்ளே பதினாலு சீட்டு. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் இருந்தது. மகனுக்கு விசா கிடைக்க வேண்டும், மருமகளுக்குக் குழந்தை தங்க வேண்டும், பியூசி பரீட்சையில் கணக்குப் பாஸாக வேண்டும். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டம் என் பெருங்காய டப்பாவை வேண்டுதல் பெட்டி ஆக்கிவிட்டது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மாதாவுக்குக் கீழே ஒருத்தி சீட்டு எழுதி வைத்துச் சிலுவையும் போட்டுக்கொண்டு போனால் பார்ப்பவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? பலர் சீட்டில் முழு முகவரியும் போன் நம்பரும் எழுதியிருந்தார்கள். ஆண்டவர் வீடு மாறிப் போய்விடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை.

நான் எல்லாவற்றையும் படித்தேன். ஒன்று விடாமல் படித்தேன். அப்புறம் கொண்டுபோய்க் கோயிலுக்குள் இருக்கும் நிஜப் பெட்டியில் போட்டேன். "டப்பாவை எடுத்துடு டீச்சரம்மா. அடுத்தவங்க வேண்டுதலோட என்ன விளையாட்டு?" என்றார் கணவர். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் யாராவது சீட்டும் கையுமாக வந்து வெறும் பொந்தைத் தடவிவிட்டுத் திரும்பிப் போவாளே என்று நினைத்தால் மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சீட்டுகளை அள்ளி இடம் மாற்றுவது என் வேலையானது.

அதில் ஒரு சீட்டு மட்டும் வாராவாரம் வந்தது. ஆபீஸ்களில் கம்ப்யூட்டரில் ஒட்டுவார்களே, அந்த மஞ்சள் காகிதம். ஒரே கையெழுத்து, ஒரே வாசகம். "நான் தொம்மலூரில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். என் மகள் வேற ஜாதியில் கல்யாணம் செய்தாள். நீ செத்துட்டேன்னு நினைச்சுக்கிறேன் என்று சொல்லிட்டேன். அது தப்பு. அவள் ஒரு தடவை போன் எடுக்க வேண்டும்." கீழே மகளின் நம்பர். ஏழு வாரம் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் பெட்டியில் போட்டேன். எட்டாவது வாரம் என்னால் முடியவில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், வெளியூரில். அவள் இரண்டு நாள் போன் எடுக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எடுத்ததை அப்படியே வை என்பதுதான் எங்கள் ஆட்டத்தின் முதல் விதி. அதை மீறி அந்த நம்பரை அழுத்தினேன்.

புது நம்பர் என்பதால் எடுத்தாள். நான் யார், டப்பா என்ன, சீட்டு என்ன என்று வகுப்பெடுப்பது போலச் சொல்லி முடித்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த வார்த்தையையும் எழுதியிருக்காங்களா?"

"எழுதி, தப்புன்னும் எழுதியிருக்காங்கம்மா. ஒவ்வொரு வாரமும்."

"எனக்குப் பேச வராது ஆன்ட்டி. அம்மா குரல் கேட்டா அழுதுடுவேன்." பிறகு அவளே, "அந்த டப்பா எங்க இருக்கு?" என்றாள்.

இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அனுப்பினேன். வாழ்க்கையில் அந்த எண்களால் ஒரு உபயோகம் வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நேராகச் சுவருக்குப் போனேன். டப்பாவில் ஒரு வெள்ளைக் காகிதம், நாலாக மடித்து இருந்தது. வழக்கம்போலப் படித்தேன். அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடிவிட்டு, எதிர்ப்பக்கம் மெழுகுவர்த்திக் கடையில் போய் நின்றுகொண்டேன். கடைக்காரர் இரண்டு தடவை என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டார். ஐந்தரை மணிக்கு நீலச் சீருடையில் ஓர் அம்மா வந்தார். கையில் மஞ்சள் காகிதம். டப்பாவைத் திறந்தார். வெள்ளைக் காகிதத்தை எடுத்தார். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. தன் சீட்டை அடியில் செருகிவிட்டு, வெள்ளைக் காகிதத்தைப் பழையபடி மேலே வைத்து, மூடியை அழுத்திப் பொந்தில் வைத்துவிட்டு நடந்தார்.

என்னைப் போலவே எல்லாரும் பிரித்துப் படிப்பார்கள் என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சாலையைத் தாண்டி ஓடினேன்.

"அம்மா, சொல்ப நில்லுங்க, ஒரு நிமிஷம். அந்த வெள்ளைச் சீட்டு உங்களுக்கு."

"இல்ல மேடம், என்னுது மஞ்சா."

"உங்க மக எழுதினது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு எப்டித் தெரியும்? பிரிச்சுப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"வேண்டுதல் சீட்டை?"

இருபத்தைந்து வருடம் மற்றவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சீட்டைப் பிரித்தார். "ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குப் போன் பண்ணும்மா. எடுக்கிறேன். நீ அழாதே. அழுதா வெச்சுடுவேன்." வாய்விட்டு ஒருமுறை படித்தார். பிறகு வாயை அசைக்காமல் ஒருமுறை. அப்படியே பிள்ளையார் டைல் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதார்.

"இப்பவே அழுது முடிச்சுடறேன்" என்றார் என்னிடம். "ஞாயித்துக்கிழமை ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது."

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடித்துவிட்டு முகம் துடைத்தார். அந்த வெள்ளைக் காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். டப்பாவை மட்டும் சுவரில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்களோடதும் படிச்சீங்களா மேடம்?"

"படிச்சேம்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

டப்பாவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "அப்புறம் இன்னா? எனக்கு மட்டும் பண்ணிட்டு, மத்தவங்கள அப்டியே உட்டுடுவீங்களா?" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் சுவரோரமாகவே நின்று மேலே இருந்த சீட்டைப் பிரித்தேன். யாரோ ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டிருந்தார். தினமும் தண்ணீர் வரும் வீடாக.