ஒரு தடவைதான் சொல்வார்கள்

என் அக்கா நஜியாவைக் கட்டிய ஹுமாயூன் மச்சான், பேச்சை ரேஷனில் வாங்குகிறவர். கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். அக்கா நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்து, ரெண்டு வயது மகள் மெஹ்ரீனையும் தூக்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் இருக்கும் ஊரிலேயே ஒரு தொழிற்சாலையில் மச்சானுக்கும் வேலை தருவதாகச் சொன்னார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வில் அவர்கள் கேட்ட மதிப்பெண்ணை வாங்கினால் மகளோடு இருக்கலாம். இல்லாவிட்டால் போனில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

போனில் என்னத்தைப் பார்ப்பது? மெஹ்ரீன் ஆங்கிலத்தில்தான் படபடவென்று பேசுவாள். இவர் எல்லாவற்றுக்கும் "எஸ் தங்கம்" என்பார். கொஞ்ச நேரத்தில் "பை அத்தா" என்று அவள் ஓடிவிடுவாள். அதன் பிறகும் இவர் வெறும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

சிதம்பரத்தில் என் செல்போன் கடைக்கு மேல்மாடியில் எழிலரசி மேடம் இந்தத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். மச்சானை அங்கே சேர்த்துவிட்டேன். வார லீவு வந்தால் கடலூரில் பஸ் ஏறிவிடுவார். வாசிப்பதிலும் எழுதுவதிலும் பெரிய குறையில்லை. டிப்ளமா படித்தவர், ஆங்கில மேனுவல்களைப் புரட்டியே வேலை பார்த்தவர். காதால் கேட்டு விடை எழுதும் பகுதியில்தான் தலைகுப்புற விழுந்தார். மாதிரித் தேர்வில் பாதி விடைகள் காலியாகவே கிடந்தன.

"ஒங்க மச்சானுக்குக் காது சரியா கேக்குதா?" என்று மேடம் கடைக்கே வந்து கேட்டுவிட்டார்.

அன்று நானும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒலிப்பதிவு ஓடியது. ஒரு பெண் பஸ் புறப்படும் நேரத்தைச் சொன்னாள். மச்சானின் உதடு அசைந்தது, அதையே திருப்பிச் சொன்னார். பிறகு பேனாவைப் பிடித்தபடி சும்மா இருந்தார். அவளோ அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

"எதுக்கு மச்சான் வெயிட் பண்றீங்க?"

"சரின்னு சொல்லட்டும்னுதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய பிளாண்டில் கண்ட்ரோல் ரூமிலிருந்து வாக்கிடாக்கியில் இந்த வால்வை மூடு என்பார்கள். கீழே நிற்பவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கிருந்து 'சரி' வந்த பிறகுதான் கையை வைக்கலாம். ஆசிட் ஓடுகிற இடத்தில் ஒருமுறை காதில் விழுந்ததை நம்பி வால்வைத் திருப்ப முடியுமா? அவர் உயிரைக் காத்துவந்த பழக்கம் இங்கே காலை வாரிவிட்டது.

மேடம் சிரிக்கவில்லை. "இங்க ஒரு தடவைதான் சார் சொல்வாங்க. சரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. தப்பா எழுதுனாலும் மார்க்கக் கழிக்க மாட்டாங்க. கேட்ட ஒடனே எழுதிட்டுப் போய்ட்டே இருங்க. பேசற தேர்வும் அப்பிடித்தான். எதிர்ல இருக்கறவுங்க பாராட்டவும் மாட்டாங்க, திருத்தவும் மாட்டாங்க. அவுங்களா நிறுத்தற வரைக்கும் பேசுங்க."

கீழே இறங்கி வரும்போது மச்சான் சொன்னார்: "யாரும் சரின்னு சொல்லாம கைய வெக்கறதுன்னா பயமாத்தான் இருக்கு யாசர்." ஆனாலும் விடவில்லை. கம்பெனி பஸ்ஸில் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதிப் பழகினார்.

தேர்வு சென்னையில். நானும் கூடப் போனேன். வெளியே வந்தபோது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"கேட்டு எழுதறது நல்லாத்தான் போச்சு. பேசறதுலதான், மறக்க முடியாத மழ நாளப் பத்திப் பேசுன்னு அட்ட குடுத்தாங்க. மெஹ்ரீன் பொறந்த அன்னிக்குப் பேஞ்ச மழயச் சொன்னேன். தெருவெல்லாம் தண்ணி, ஆட்டோ வரல, ஒங்க அக்காவ மீன் வண்டில ஏத்திட்டுப் போனோமே. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டேன். தேங்க் யூன்னு நிறுத்திட்டாங்க. புள்ள பொறந்தத சொல்லவே விடல."

"ரெண்டு நிமிஷம் ஆனா நிறுத்திடுவாங்க மச்சான். அது வரைக்கும் பேசினீங்கன்னா நல்லதுதானே."

"அதுக்கில்ல," என்றார்.

பின்னால் மதிப்பெண் வந்தது. அவர்கள் கேட்டதும் கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். ஆனால் நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது, தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்ததைத்தான்.

திண்டிவனம் தாண்டியதும் மச்சான் போன் போட்டார். திரையில் மெஹ்ரீன் வந்தாள். இவர் அந்த மழை நாளை முதலிலிருந்து ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். தப்பும் தவறுமாகத்தான். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், இவர் சட்டை செய்யவில்லை. தெருவில் தண்ணீர் ஏறியது, மீன் வண்டி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. உள்ளேயிருந்து குழந்தை அழுத சத்தம் கேட்டது என்று சொல்லி நிறுத்தினார். சொல்லி முடித்துவிட்டதாகத்தான் நானும் நினைத்தேன்.

மெஹ்ரீன் ஓடவில்லை. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"தென் வாட் ஹாப்பண்ட், அத்தா?" என்றாள்.