வலது மூலைப் பட்டன்

பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் வைத்த பேரை அவள் ஆபீஸிலும் காப்பாற்றி வந்தாள். போன் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் பயம். லிஃப்டில் ஏறவே மாட்டாள்; ஏழு மாடியும் படிதான்.

வேலை என்னவோ பயப்படுகிற வேலையே இல்லை. கம்பெனியில் சம்பளம், லாரி, கிடங்கு என்று பதினொரு சாஃப்ட்வேர்கள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி. ஒன்றில் பச்சைப் பட்டன், ஒன்றில் ஊதா, ஒன்றில் பட்டனையே தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒரே இடம் என்று விதி எழுதுவது அவள் பொறுப்பு. இரண்டு வருஷம் எழுதினாள். முதல் விதி: முக்கியமான பட்டன் எப்போதும் வலது கீழ் மூலையில்.

அன்று காலை பத்து மணிக்கு எல்லாத் திரைகளும் ஒரே அடியாக மாறப்போகின்றன. அதே கம்பெனியின் குளிர்கிடங்கில் வேலை பார்க்கும் அண்ணன், வீட்டில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடி, இன்னைக்குத்தானே உன் பொத்தானுக்கெல்லாம் கல்யாணம்?"

"பாத்து அமுக்குண்ணா. இடம் மாறியிருக்கும்."

"நான் எங்க பாக்குறேன்? கையில தடி கிளவுஸ், கண்ணாடியில பனி. கதவு இறங்கும்போது எவனாவது வண்டியோட குறுக்க வந்தா, திரையோட வலது மூலையில ஒரே தட்டு. கதவு நின்னுடும். எட்டு வருஷமா கைக்கே தெரியும்."

சிரித்துக்கொண்டே கிளம்பிப் போய்விட்டான். டம்ளரைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள்.

அவளுடைய விதிப்படி அந்தத் திரையில் முக்கியமான பட்டன் 'உடனே மூடு'. அதைத்தான் வலது மூலைக்குக் கொண்டுவந்திருந்தாள். 'நிறுத்து' இடது பக்கம் போய்விட்டது. மற்ற பத்து இடங்களுக்கும் நேரில் போய்ப் பார்த்து வரைந்தவள், குளிர்கிடங்கை மட்டும் போட்டோவைப் பார்த்து வரைந்தாள். தானாக இறங்குகிற இரும்புக் கதவென்றால் பயம்.

போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்குள் போனதும் அண்ணனின் போன் லாக்கருக்குப் போய்விடும். கிடங்கு நம்பர் எந்நேரமும் பிஸி.

ஆபீஸ் வாசலில் மணி ஒன்பது நாற்பத்தைந்து. படியைப் பார்த்தாள். லிஃப்டைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டில் ஏறினாள்.

மேனேஜருக்கு ஆபீஸில் ஸ்கேல் என்று பேர். திரைமேலேயே ஸ்கேலை வைத்து இடைவெளி அளக்கிற ஆள். குளிர்கிடங்கை மட்டும் விட்டுவிடச் சொல்லி அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு திரைக்கு விலக்கு குடுத்தா நாளைக்கு பத்து பேர் வந்து நிப்பாங்கம்மா. ரெண்டு வருஷம் எதுக்கு மாரடிச்சோம்?"

"சார், அது கதவு சார்."

"பயத்துல பேசுறியா?"

"ஆமா சார். பயத்துலதான் பேசுறேன்."

மேஜைமேல் கிடந்த ஸ்கேலுக்கு மேலே உள்ளங்கையை நீட்டி மெதுவாக இறக்கினாள். "இங்க ஒருத்தன் வண்டி தள்ளிட்டு வர்றான் சார். எங்கண்ணன் நிறுத்தணும்னு தட்டுறான்." கை சட்டென்று இறங்கியது. ஸ்கேல் படாரென்று துள்ளியது.

மேனேஜர் ஸ்கேலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு குளிர்கிடங்குத் திரையை மட்டும் அன்றைய மாற்றத்திலிருந்து நீக்கினார். மணி ஒன்பது ஐம்பத்தாறு.

சாயங்காலம் அண்ணன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான். "ஊரெல்லாம் புதுசா மாத்திட்டு எங்க கதவை மட்டும் மறந்துட்டியா? கூடப் பொறந்தவன்னு ஒரு மரியாதை வேணாம்?"

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். பத்து விரலும் இருந்தன. காலையிலும் இருந்தவைதான், இருந்தாலும் எண்ணினாள்.

"நாளைக்கு உங்கூட வர்றேன். அந்தக் கதவைப் பாக்கணும்."

"நீயா? உள்ள இருட்டு, குளிரு. கதவு வேற தானா இறங்கும், தெரியும்ல?"

"இறங்கட்டும். நான் தாண்டி வர்ற வரைக்கும் பட்டன்கிட்ட நீ நில்லுண்ணா."

சொல்லிவிட்டு, இரண்டு ஸ்வெட்டர் தேட உள்ளே போனாள்.