கறுத்த ஆயில்

மட்டாஞ்சேரி பஜாரில் தேங்காயெண்ணெய்த் தரகனாக இருந்தேன். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தே கலப்படத்தைச் சொல்லிவிடுவேன். நான் உதட்டைப் பிதுக்கினால் வியாபாரம் நின்றுவிடும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். பஜாருக்குப் பின்னால் கொட்டகை போட்டிருந்த தமிழ் மெக்கானிக்கிடம் புது எஞ்சின் ஆயில் ஊற்றச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். சில நாள் கழித்து அளவுக்குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் கன்னங்கரேலென்று இருந்தது. வழக்கம்போல் உள்ளங்கையில் தேய்த்தேன், முகர்ந்தேன். பழைய ஆயிலை ஊற்றி ஏமாற்றிவிட்டான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

பஜாரே கூடியிருந்த நேரத்தில் சாயாக்கடையில் அவனைப் பிடித்தேன். கறுத்த கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "இதாடா புது ஆயில்? எங்கிட்டயே எண்ணெய் காட்டுறியா?" என்று கத்தினேன்.

"அண்ணாச்சி, அது கறுக்கத்தான் செய்யும். உள்ளே உள்ள கரியெல்லாம் அது பிடிச்சு வெச்சிருக்கு. கறுக்காத ஆயிலுக்குத்தான் பயப்படணும்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் நான்தான். எண்ணெய் விஷயத்தில் என் பேச்சுக்கு பஜாரில் அப்பீல் கிடையாது. ஒவ்வொருவராக வண்டியை வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவன் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு பள்ளுருத்திக்குப் போய்விட்டான். ஒரு திருடன் ஒழிந்தான் என்றேன். இதை எழுதவே கை கூசுகிறது.

பிறகு எண்ணெய் மில்லில் மெஷினுக்கு விடும் தெளிந்த ஆயிலை வாங்கி நானே ஊற்றினேன். அது சட்டென்று கறுக்கவில்லை. பார்ப்பவரிடமெல்லாம் குச்சியை உருவிக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். ஒரு வருடத்துக்குள், ஆலுவா போகும் வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அங்கே ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தார்கள். அடியில் சேறு, சிலிண்டர் முழுக்கக் கீறல்.

"நல்ல ஆயில் கறுக்கும், சேட்டா. இது அழுக்கையெல்லாம் அடியில விட்டுட்டு மேலே தெளிஞ்சு நின்னிருக்கு" என்றார் அங்கிருந்த மெக்கானிக். எனக்கு முகம் செத்துப்போனது.

மறுநாளே பஸ் ஏறிப் பள்ளுருத்திக்குப் போனேன், மன்னிப்புக் கேட்கத்தான். அவன் யாருடைய வண்டிக்கோ ஆயில் மாற்றிக்கொண்டிருந்தான். டின்னைத் திறக்கும் முன் வண்டிக்காரரிடம் தூக்கிக் காட்டினான்.

"சீல் பாத்துக்கோங்க, சேட்டா."

"இது எதுக்கு எப்பவும்? உன்னை எனக்குத் தெரியாதா?"

"இருக்கட்டும், பழகிப்போச்சு."

அப்புறம்தான் என்னைப் பார்த்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "வாங்க அண்ணாச்சி, என்ன விசேஷம்?" என்றான்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். சாயா வரவழைத்துக் கொடுத்தான். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.