வெறும் தண்ணீர் வைத்த டம்ளர்

தொண்ணூறுகளின் கடைசியில், கொசுவை ஒழிக்க ஊரே அலைந்துகொண்டிருந்தபோது, திண்டுக்கல்லில் கொசுப்புழு வளர்த்த ஒரே மருமகள் நானாகத்தான் இருப்பேன். கொல்லையில் ஒரு மண்சட்டி நிறைய நெளிந்தன. "அவஅவ வீட்ல மருமக மல்லிச்செடி வளக்குறா, எனக்கு வாச்சது இது" என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார் மாமியார்.

எல்லாம் என் ஆராய்ச்சிக்குத்தான். நொச்சி இலைக்குள்ளேயே, இலைக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் குடியிருக்கும் பூஞ்சை உண்டு. அதைப் பிரித்து வளர்த்து, அதிலிருந்து சாறெடுத்துக் கொசுப்புழுவைக் கொல்ல முடியுமா என்று பார்த்தேன். அந்த வருடத்துக்குள் முடிக்காவிட்டால் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று மாமியாரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

கல்லூரி ஆய்வகத்தில் குழாய் வறண்டு கிடந்ததால் வீட்டு டிரம்மிலிருந்தே தண்ணீர் கொண்டுபோனேன். எட்டு டம்ளர்களில் சாறு கலந்த தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றில் வெறும் தண்ணீர், எல்லாவற்றிலும் புழு. மறுநாள் பார்த்தால் எட்டிலும் ஒன்றுகூட உயிரோடில்லை. குதித்தேன்! அப்புறம்தான் ஒன்பதாவதைப் பார்த்தேன். வெறும் தண்ணீரிலும் அத்தனையும் செத்துக் கிடந்தன.

அப்படியென்றால் கொன்றது சாறு என்று சொல்ல முடியாது; ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து, டிரம் தண்ணீரில் என்ன இருந்தது என்று கேட்டேன். "முந்தாநா நகராட்சி ஆளு வந்து டிரம்முல கொசு மருந்து ஊத்திட்டுப் போனாரே, ஒங்கிட்ட சொல்லலையா?" என்றார் மாமியார். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, தப்பு என்னுடையதுதான்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை.

"அந்த ஒத்த டம்ளர்ல மட்டும் புழு உசுரோட இருந்துச்சுன்னு எழுதிரும்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாத்தேன் சார்."

"அப்ப பூஞ்சைய மறுபடி மொதல்லேருந்து வளத்துச் சாறெடுக்கணும், ஒரு வருசம் போகும். ஒன் இஷ்டம்."

போகட்டும் என்றேன்.

மாமியாரிடம் நேராகவே சொன்னேன்: "வாக்கு மாறுறேன் அத்தே. திட்டுறதுன்னா இப்பவே திட்டிருங்க." நன்றாகவே திட்டினார். ஒத்த டம்ளருக்கா இம்புட்டு வீராப்பு என்றார். ஆமாம், அதற்குத்தான். எங்கள் தெருவில் எந்த வீட்டில் டிரம் இல்லை? நான் எழுதும் பொய்யை நம்பி ஒருத்தி அந்தச் சாற்றைத் தன் டிரம்மில் ஊற்றி, கொசுவும் சாகாமல் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பதில் சொல்வது?

அடுத்த வருடம், தாடிக்கொம்புப் பக்கம் எங்கள் அப்பா தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெறும் தண்ணீரில் புழுக்கள் ஜம்மென்று துள்ளின. சாறு கலந்ததில் பாதிதான் செத்திருந்தன.

"அன்னைக்கே நான் சொன்ன மாதிரி எழுதிருந்தா அம்புட்டும் செத்துருக்கும்" என்றார் பேராசிரியர்.

"பாதிதான் சார் செத்துச்சு. பாதின்னுதான் எழுதிருக்கேன்" என்று காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் கையெழுத்துப் போடும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.