பட்டுப் புடவையில் ஒரு பிஷப் அங்கி

ஹைதராபாத்துக்குப் புது விமான நிலையம் வருவதற்கு முந்தைய வருடம். செகந்திராபாத் மாரெட்பள்ளியில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் தம்பி அதற்கெல்லாம் பல காலம் முன்பே இங்கிலாந்துக்குப் போனவர். போன இடத்தில் பாதிரியாராகி, பிஷப்பாகவும் ஆகிவிட்டார். நடக்க முடியாத டீச்சரம்மாவுக்கு ஒரே ஆசை, தம்பியைக் கத்தரிப்பூ நிற அங்கியில் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஞாயிறு எங்கள் பகுதி தேவாலயத்தில் அவர் ஆராதனை நடத்துவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அவர் வந்து சேர்ந்தார். அங்கி இருந்த பெட்டி வந்து சேரவில்லை!

"சாதா சட்டையில நின்னா ஆகாதாக்கா?" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். டீச்சரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதே நிறத்தில் ஒரு பட்டுப் புடவையை என் தம்பி கல்யாணத்துக்கென்று வைத்திருந்தேன். அதையே வெட்டி அங்கி தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிளவுஸைத் தாண்டாத கை வேறு.

சனிக்கிழமை காலை அளவு கொடுக்க வந்த மனிதர் கிளம்பவே இல்லை. நான் புடவையை வெட்டியதும் ஊசி நூலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, ஓரம் மடித்துத் தைக்க ஆரம்பித்துவிட்டார். நான் பதறிப்போனேன்.

"போன புதுசுல துணி ஃபேக்டரியில இதாம்மா நம்ம வேலை" என்று சிரித்தார்.

குளிரில் விரல் மரத்துப்போனது, அவர் நிறத்தைப் பார்த்துச் சிலர் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போனது, பின்னால் தங்கள் வீட்டுச் சாவுக்கு அவர்களே அவரைத் தேடி வந்தது எல்லாவற்றையும் தைத்தபடியே சொன்னார். குரலில் துளி கசப்பு இல்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. சரிகையைப் பிரித்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, அக்காவுக்குப் பிடிக்கும்" என்றார்.

ஞாயிறன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆசீர்வதிக்க அவர் கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குளில் தையல் விட்டுவிடுமோ என்று எனக்கு உயிரே இல்லை. நல்லவேளை, விடவில்லை.

முடிந்ததும் ஆசி வாங்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அவரோ நேராக டீச்சரம்மாவின் சக்கர நாற்காலிக்கு வந்தார். டீச்சரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏல, திரும்பி நில்லு. பின்பக்கம் பாக்கணும்."

அத்தனை பேர் முன்னால் பிஷப் மெல்லத் திரும்பி நின்றார். டீச்சரம்மா அழுதுவிட்டார். நானும்தான்.

இன்றும் வெளிநாட்டில் யாரோ பெரிய ஆளாகிவிட்டார் என்று கேள்விப்பட்டால், அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்க்க இங்கே ஓர் ஆள் இன்னும் இருக்க வேண்டுமே என்றுதான் என் மனம் வேண்டிக்கொள்கிறது.